பழைய பிரிண்டரை எறியச் சொல்ல இவர்கள் யார்?

பள்ளிக்கூடமும் கல்லூரியும் திறக்கும் நாள் நெருங்கினால் மும்பையில் நம்மவர் வீடுகளில் லேப்டாப் பேச்சு தொடங்கிவிடும். தாராவி, சயான் கோலிவாடா முதல் டோம்பிவிலி, அம்பர்நாத் வரை மாதச் சம்பளக்காரர்கள் தவணையில் ஒன்று வாங்கிவிடுகிறார்கள். பிள்ளையின் படிப்புக்கு ஆகும், மிச்ச நேரத்தில் நாலு பக்கம் டைப் அடித்து நாலு காசும் பார்க்கலாம் என்பது கணக்கு. நியாயமான கணக்குத்தான். ஆனால் பெட்டியைப் பிரித்து மேஜைமீது வைத்த பிறகுதான் அடுத்த செலவு ஆரம்பமாகிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கீ போர்டு அதில் சேராது. மானிட்டர் சேராது. பிரிண்டர் சேரவே சேராது. மெல்லிய தகடு போன்ற அந்த லேப்டாப்பின் விளிம்பில் இருப்பவை இரண்டொரு சின்னஞ்சிறு துளைகள். பழைய கேபிளின் முனையோ இரண்டு விரல் அகலம்.

கடைக்காரரைக் கேட்டால் பதில் தயாராக வைத்திருக்கிறார். "புரானா ஹை, ஃபேங்க் தோ!" பழசு, எறிந்துவிடு என்கிறார். எறிந்துவிட்டு என்ன செய்வது? அவரிடமே புதிது வாங்குவது! வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், லேப்டாப் தவணை எல்லாம் போக மிஞ்சுவதில் மறுபடியும் மானிட்டரும் பிரிண்டரும் வாங்கச் சொல்லுகிறவரிடம், ஓடிக்கொண்டிருக்கும் பொருளை எதற்காக எறிய வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் விஷயம், நமக்கு என்ன தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

என் அபிப்பிராயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய சாமான்களில் பெரும்பாலானவற்றைச் சில நூறு ரூபாயில் புதிய லேப்டாப்போடு சேர்த்துவிடலாம். சேர்க்க முடியாதவையும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய கடமை விற்கிறவருக்கு உண்டு. அவர் சொல்லாமல் இருப்பது அறியாமையால் மட்டும் அல்ல.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. எனக்கு இந்தச் சங்கதி ரயில் பாதையை வைத்துத்தான் விளங்கியது. நம் பெரியவர்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து பம்பாய்க்குப் புறப்பட்ட காலத்தில் எழும்பூர் வரை மீட்டர் பாதை வண்டி. அங்கே இறங்கி மூட்டை முடிச்சுகளோடு சென்ட்ரலுக்குப் போனால்தான் அகலப் பாதை வண்டி கிடைக்கும். ஒன்று 1,000 மில்லிமீட்டர், மற்றது 1,676 மில்லிமீட்டர். மனிதனாவது இறங்கி ஏறிவிடுவான். சரக்கு என்ன செய்யும்? பாதை மாறும் நிலையங்களில் ஒரு வேகனிலிருந்து இறக்கி மறு வேகனில் ஏற்றினார்கள். நாட்டில் பெரும்பாலான பாதைகளை ஒரே அகலமாக்கும் திட்டம் 1992-ல்தான் தொடங்கியது. அதற்காக அதுவரை யாரும், பாதை மாறிவிட்டது, சரக்கைக் கடலில் கொட்டு என்று சொல்லவில்லை.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். சில இடங்களில் பாதையின் அகலம் மட்டும் மாறியிருக்கிறது. உள்ளே ஓடும் பாஷை ஒன்றே. அங்கே மூட்டையைத் தூக்கி மறு பக்கம் வைக்க ஒரு போர்ட்டர் போதும். சில இடங்களில் பாஷையே மாறிவிட்டது. அங்கே போர்ட்டர் உதவமாட்டார், துபாஷி வேண்டும். கடையில் இரண்டையுமே 'கன்வெர்ட்டர்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். ஏமாற்றம் அங்கேதான் பிறக்கிறது.

கீ போர்டுக்கும் மவுஸுக்கும் இருந்த ஊதா, பச்சை நிற வட்ட வாய், பி.எஸ்.2 என்பது, 1987-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்தது. மானிட்டருக்கு இருந்த நீல நிறப் பதினைந்து பின் வி.ஜி.ஏ. வாயும் அதே ஆண்டு, அதே கம்பெனி. பிரிண்டருக்கு 25 பின் கொண்ட பேரலல் போர்ட், மோடம் போன்றவற்றுக்கு 9 பின் கொண்ட சீரியல் போர்ட். ஆளுக்கொரு வாய் என்று இருந்த இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1996-ல் யு.எஸ்.பி. வந்தது. நாம் பென் டிரைவ் சொருகும் அந்த நீள்சதுர வாய் அதுதான். அதற்கும் வயதாகி, 2014-ல் இரு பக்கமும் திருப்பிச் சொருகக்கூடிய சி டைப் வாய் வந்தது. இன்றைய மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது அதுவே.

பழைய யு.எஸ்.பி. சாமான், புதிய சி டைப் லேப்டாப்: இது வெறும் போர்ட்டர் வேலை. பாஷை ஒன்றே. கட்டை விரல் அளவு அடாப்டர் ஒன்றை மாட்டினால் மவுஸ், பென் டிரைவ், யு.எஸ்.பி. பிரிண்டர் எல்லாம் பேசத் தொடங்கிவிடும். இதற்காகப் புதிய மவுஸ் வாங்கியவர்களை நான் அறிவேன். பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் சில சமயம் சுற்றாமல் கிறீச்சிட்டு நின்றுவிடும். அது அடாப்டரின் குற்றமாக இராது. மின்சாரம் போதவில்லை என்று பொருள். தனி அடாப்டரால் சுவரிலிருந்து மின்சாரம் பெறும் ஹப் ஒன்றை நடுவில் வைத்தால் சரியாகிவிடும்.

வட்ட முனைக் கீ போர்டுக்கு வருவோம். டைப் அடித்துப் பிழைப்பவர்கள் தங்கள் பழைய கீ போர்டை லேசில் விடமாட்டார்கள். டி.வி.எஸ். கோல்டு போன்ற, தட்டினால் டக் டக்கென்று சத்தம் போடும் பலகையில் பழகிய விரலுக்கு லேப்டாப்பின் தட்டைப் பொத்தான்கள் ஒத்து வராது. வேகம் குறையும், பக்கத்துக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவருக்கு வேகம்தான் சோறு. இவர்கள் கடைக்குப் போனால் சின்னதாக ஒரு முனையைத் தருவார்கள். ஒரு பக்கம் வட்ட வாய், மறு பக்கம் யு.எஸ்.பி. உள்ளே வெறும் கம்பி. இரண்டு பாஷையும் தெரிந்த கீ போர்டாக இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். பி.எஸ்.2 மட்டுமே தெரிந்த கீ போர்டு இதில் ஒரு எழுத்தும் அடிக்காது. உடனே கீ போர்டு செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சாகவில்லை ஐயா! துபாஷி இல்லை, அவ்வளவுதான். உள்ளே சிறு சிப் வைத்த கன்வெர்ட்டர் தனியாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் குட்டை வயரில் ஊதாவும் பச்சையுமாக இரண்டு வாய்கள் இருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிரிண்டர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. வடாலா டிரக் டெர்மினல் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். நெல்லைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் அங்கே பில்டி போடுகிறார். சரக்கு அனுப்புகிறவருக்கு ஒன்று, பெறுகிறவருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று என்று ஒரே அடியில் நாலு நகல் வேண்டும். ஊசியால் தட்டி அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரால்தான் இது முடியும். லேசர் பிரிண்டர் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் கார்பனுக்குக் கீழே உள்ள தாளில் ஒரு புள்ளி விழாது. அங்கே பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் நின்றுபோயிற்று. முதலாளி ஒரு லேப்டாப் வாங்கி வைத்தார். பிரிண்டருக்கு இருப்பதோ பேரலல் வாய். பார்க்க வந்த மெக்கானிக், "பிரிண்டரையும் மாற்றிவிடுங்கள், பத்தாயிரத்துக்கு மேல் ஆகும்" என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முதலாளிக்கு வேறு யோசனை வந்தது. பிரிண்டரும் வேண்டாம், பில்டியும் இங்கே வேண்டாம், வேலையை பிவண்டி ஆபீஸுக்கே மாற்றிவிடலாம் என்றார். அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. ஒரு கேபிள் இல்லாததால் ஒரு மனிதனின் மேஜை போகப் பார்த்தது!

யு.எஸ்.பி.யிலிருந்து பேரலல் பிரிண்டருக்குப் போகும் கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு முனையில் யு.எஸ்.பி., மறு முனையில் பிரிண்டரின் பின்புறம் மாட்டும் 36 பின் வாய். நடுவில் சிப் உண்டு. அதை வாங்கி மாட்டியதும் லேப்டாப் பிரிண்டரைக் கண்டுகொண்டது. சோதனைத் தாளும் வந்தது. ஆனால் பில்டி புரோகிராம் மட்டும் அச்சடிக்க மறுத்தது. காரணம் இதுதான்: பழைய புரோகிராம் எல்.பி.டி.1 என்ற பெயருள்ள வாயைத்தான் தேடும். இந்தக் கேபிளோ அந்தப் பெயரில் வருவதில்லை, யு.எஸ்.பி. பிரிண்டர் என்ற வேறு பெயரில் வந்து நிற்கிறது. பெட்டிக்குப் பெயர் மாறினால் எங்கள் குட்ஸ் ஷெட்டில் சரக்கு கிடப்பில் கிடப்பதுபோல.

தாராவியில் இருந்து வந்த ஒரு பையன் அரை மணி நேரத்தில் இதைத் தீர்த்துவிட்டான். பிரிண்டரை விண்டோஸில் ஷேர் செய்து அதற்கு ஒரு பெயர் வைத்தான். பிறகு கறுப்புத் திரையைத் திறந்து 'நெட் யூஸ்' என்ற கட்டளையால், எல்.பி.டி.1-க்கு வருவதையெல்லாம் அந்தப் பெயருக்கு அனுப்பு என்று திருப்பிவிட்டான். நாலு நகலும் வந்தன. இது ஒன்றும் ரகசிய வித்தை அல்ல, விண்டோஸிலேயே உள்ள வசதி. பத்தாயிரம் ரூபாய் எஸ்டிமேட் போட்ட மெக்கானிக்குக்கு இது தெரியாதிருந்தால் அவர் மெக்கானிக் அல்ல. தெரிந்தும் சொல்லாதிருந்தால் அதற்குப் பெயர் வேறு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அண்ணாச்சியின் புரோகிராம் விண்டோஸ் காலத்தது. அதற்கும் முந்திய டாஸ் காலத்துப் புரோகிராம் இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. அதற்கு டாஸைப் போல நடிக்கும் தனி புரோகிராம் வேண்டும். அது கேபிளால் தீரும் வியாதி அல்ல.

எடை மேடை, பழைய பில்லிங் மெஷின், பட்டறையில் உள்ள சி.என்.சி. மெஷின் இவற்றுக்கெல்லாம் 9 பின் சீரியல் வாய்தான். இதற்கும் கன்வெர்ட்டர் உண்டு. இதில்தான் போலி அதிகம். மேலே பிளாஸ்டிக் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே சிப் நகலாக இருக்கும். அசல் சிப் செய்யும் எஃப்.டி.டி.ஐ. என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2014-ல் வெளியிட்ட டிரைவர், நகல் சிப்புகளை வேலை செய்யாதபடி முடக்கிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியபின் அதைத் திரும்பப் பெற்றார்கள். நகல் செய்தவன் எங்கோ லாபத்தோடு இருந்தான். காசு கொடுத்து வாங்கியவனின் மெஷின் நின்றது. கடையில் நகல் எது, அசல் எது என்று நம்மால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பில்லும் வாரண்டியும் கேட்பது ஒன்றுதான் நமக்குள்ள பாதுகாப்பு.

மானிட்டருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வி.ஜி.ஏ. அலையாக அனுப்புவதை எதிர்பார்க்கும், புதிய எச்.டி.எம்.ஐ. எண்களாக அனுப்பும். ஆகையால் இங்கே துபாஷி கட்டாயம். வெறும் கம்பியால் இரண்டையும் இணைத்த கேபிளை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், படம் வராது. இன்னொன்று, இந்தத் துபாஷி ஒருவழிப் பாதைக்காரர். லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து பழைய மானிட்டருக்குப் போவது ஒரு பெட்டி. பழைய கம்ப்யூட்டரின் வி.ஜி.ஏ.விலிருந்து புதிய டி.வி.க்குப் போவது வேறு பெட்டி. மாற்றி வாங்கினால் எத்தனை திருப்பி மாட்டினாலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். பழைய ஸ்கேனருக்குக் கேபிள் சேர்ந்தாலும் டிரைவர் கிடைக்காமல் போகலாம். விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. 32 பிட்டுக்கு எழுதிய டிரைவர் அதில் ஏறாது. கம்பெனி புதிதாக எழுதித் தராவிட்டால் அந்த ஸ்கேனர் விண்டோஸுக்கு ஊமைதான். லினக்ஸில் சில பழைய ஸ்கேனர்கள் இன்னமும் பேசுகின்றன. ஆகவே கன்வெர்ட்டருக்குக் காசு எடுப்பதற்கு முன், அந்த மாடலுக்கு டிரைவர் உண்டா என்று கம்பெனியின் தளத்தில் பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டதால், வேண்டா வெறுப்பாகவேனும் புதியதற்கு மாறுகிறவர்கள் பலர். அவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

இனி என் குறைக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே வாய் என்று சொல்லித்தான் சி டைப்பைக் கொண்டுவந்தார்கள். நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் வாய் ஒன்றாக இருக்கிறதே தவிர வேலை ஒன்றாக இல்லை! ஒரு லேப்டாப்பில் அந்தத் துளை மானிட்டருக்குப் படம் அனுப்பும், சார்ஜும் ஏற்றும். இன்னொரு லேப்டாப்பில் அதே துளை பென் டிரைவ் படிப்பதோடு சரி. கேபிளிலும் அப்படியே: சிலது வெறும் சார்ஜுக்கு மட்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒருவருக்கு ஒரு கடைக்காரர், மானிட்டருக்கு ஆகும் என்று உறுதி சொல்லி ஒரு ஹப்பைத் தலையில் கட்டினார். லேப்டாப்பின் துளை படம் அனுப்பாத ரகம். திருப்பிக் கொடுக்கப் போனால், "பாக்கெட் பிரித்தாயிற்று, மாற்ற முடியாது" என்று சொல்லிவிட்டார். துளைக்குப் பக்கத்தில் டி.பி. என்ற அடையாளமோ மின்னல் குறியோ இருந்தால் படம் வரும் என்று நம்பலாம். மின்னல் குறி தண்டர்போல்ட் என்பதற்கானது. ஆனால் எல்லாக் கம்பெனியும் அடையாளம் போடுவதில்லை. பெட்டியின் மேல் நடிகர் படம் போட இடம் இருக்கிறது; எந்தத் துளை என்ன செய்யும் என்று ஒரு வரி போட இடம் இல்லையாம்!

மெல்லியதாக வேண்டும் என்றுதான் வாய்களை எடுத்தோம் என்கிறார்கள். ஆப்பிள் கம்பெனி 2015-ல் ஒரே ஒரு சி டைப் துளையோடு லேப்டாப் விற்றது. அடுத்த ஆண்டு, தொழில்காரர்கள் வாங்கும் விலையுயர்ந்த மேக்புக் புரோவிலிருந்தும் எச்.டி.எம்.ஐ., மெமரி கார்டு வாய்களை எடுத்துவிட்டது. 2021-ல் என்ன ஆயிற்று? அதே கம்பெனி அதே ரகத்தில் இரண்டையும் திரும்ப வைத்தது. வசதியுள்ள வாடிக்கையாளர் ஐந்து வருஷம் முணுமுணுத்ததும் கம்பெனி கேட்டுக்கொண்டது. தவணையில் வாங்கும் நம் முணுமுணுப்பை யார் கேட்கிறார்கள்? உள்ளே இருக்க வேண்டிய வாயை எடுத்துவிட்டு வெளியே தனியாக விற்பது, டிக்கெட் வாங்கியவனிடம் கதவைத் திறக்க மறுபடியும் காசு கேட்பது போலத்தான்.

ஐரோப்பிய யூனியன் 2022-ல் சட்டம் செய்து, 2024 டிசம்பர் 28 முதல் செல்போன்களுக்குச் சி டைப் சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியது. லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தது. அந்தச் சட்டத்தில் சார்ஜருடனும் சார்ஜர் இல்லாமலும் வாங்க வழி இருக்க வேண்டும், என்ன சக்தி தேவை என்று பெட்டியில் குறிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் சி டைப்புக்கான தரத்தை அறிவித்தது. நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளம் திறந்தது. நல்ல தொடக்கங்கள். சார்ஜரோடு இவை நின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. லேப்டாப் பெட்டியின் வெளியே, ஒவ்வொரு துளையும் என்ன செய்யும், என்ன செய்யாது என்று அச்சிட வேண்டும். கன்வெர்ட்டர் பாக்கெட்டில் உள்ளே சிப் உண்டா இல்லையா, எந்தத் திசையில் வேலை செய்யும் என்று போட வேண்டும். மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் போடுவதுபோல இதையும் கட்டாயமாக்க என்ன தடை?

சர்க்கார் ஆபீஸ்களும் யோக்கியம் இல்லை. கம்ப்யூட்டர் மாற்றும்போது நல்ல கீ போர்டையும் மானிட்டரையும் சேர்த்துக் 'கண்டம்' எழுதி ஏலத்தில் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. இப்படிப் போகிற சாமானில் ஒரு பங்கு பழைய சாமான்காரர் கை மாறி எங்கே உடைபடுகிறது என்று தாராவியில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் சந்துகளில் முகத்தில் துணிகூடக் கட்டாமல் உட்கார்ந்திருப்பவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. செம்புக்காக வயரை எரிக்கும் புகை அடுத்த சந்தில் தூங்கும் குழந்தைக்கும் போகிறது. "ஃபேங்க் தோ" என்று சொல்பவருக்கு எறிகிற இடம் வேறு. நமக்கு அது வீட்டு வாசல்.

கன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்கள் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி லாமிங்டன் ரோட்டுக்கு நடந்துவிடலாம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். லேப்டாப்பையும் பழைய கேபிளையும், முடிந்தால் அந்தச் சாமானையுமே கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையைத் தாண்டிப் போங்கள், பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. பில் கட்டாயம். பில்லில் 'கன்வெர்ட்டர்' என்று மொட்டையாக எழுதாமல் எதிலிருந்து எதற்கு என்று எழுதச் சொல்லுங்கள். சொன்ன வேலையைச் செய்யாத பொருளைத் திரும்ப வாங்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.